பூட்டோடு வந்த லப்டொப்புகள்

பென்ட்ரைவை இடப்பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தாயிற்று. வலப்பக்கத்திலும் பார்த்தாயிற்று. தேனுகா அதைப் பிடுங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே மறுபடி செருகினாள். லப்டொப்பை நிறுத்தி, திரும்பவும் போட்டு, திரை வெளிச்சம் வருவதற்கு முன்பே மேல்வரிசைப் பொத்தான் ஒன்றை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் ஒரு கட்டம் வந்தது. எதிலிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்கிற பட்டியல் அது. அதில் வன்தட்டின் பெயர் இருந்தது, வலையமைப்பின் பெயர் இருந்தது, பென்ட்ரைவின் பெயர் இல்லை. காலையிலிருந்தே இல்லை. வன்தட்டைத் தெரிவுசெய்தால், இதில் இயங்குதளம் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். இயங்குதளம் இல்லாதபடியால்தானே நான் இந்தப் பென்ட்ரைவோடு மாரடிக்கிறேன் என்று அவளுக்கு அந்த வரியைப் பார்த்துச் சொல்லவேண்டும் போலிருந்தது. புதுத் தரை ஓடு பதித்த அந்த அறையில் அதே மாதிரி லப்டொப்புகள் சுவரோரம் வரிசையாகத் திறந்திருந்தன. எல்லாம் அதே வரியைத்தான் சொல்லும். நாளைக்குக் காலை திறப்புவிழா.

உடையார்கட்டுப் பக்கத்தில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியையாக வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து விசைப்பலகையைக் கரும்பலகையில் கீறித்தான் படிப்பித்து வந்தாள். பழைய கணினி இரண்டு இருந்தது. ஒன்று செத்துப்போனது, மற்றது தனக்கு மனம் வந்தால் மட்டும் வேலை செய்வது. உயர்தரப் பிள்ளைகள் செய்முறையை அந்த ஒன்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தே படித்தார்கள். இந்த நிலையில்தான் சுவிஸிலிருந்து பரமேஸ்வரனின் தொலைபேசி அழைப்பு வந்தது. இதே பள்ளிக்கூடத்தில் படித்து, இளந்தாரியாக இருக்கையில் நாட்டை விட்டுப் போனவர். அவர் வேலை செய்கிற கணினி நிறுவனம் பாவித்த லப்டொப்புகளைக் கழிக்கிறதாம், கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்றார். சொன்னபடி செய்தார். நிறுவனம் தன் விவரங்கள் எல்லாவற்றையும் அழித்து வெறும் பெட்டியாகத் தந்திருந்தது. அது வழமைதான். ஒரு பென்ட்ரைவில் இயங்குதளத்தை ஏற்றி ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாம், அரைநாள் வேலை என்று பள்ளிக்கூட அதிபரிடம் தேனுகா சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்ன வாயை இப்போது அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதலில் பென்ட்ரைவில்தான் பிழை என்று நினைத்தாள். தன்னுடைய சொந்த லப்டொப்பில் செருகிப் பார்த்தாள், சமர்த்தாகத் தொடங்கியது. பழைய முறையில் எழுதியதைப் புதிய முறையில் எழுதிப் பார்த்தாள், அழித்து மறுபடி பழைய முறைக்கே போனாள். சந்தியில் போட்டோக்கொப்பி கடைக்காரரிடம் இன்னொரு பென்ட்ரைவ் இரவல் வாங்கிவந்து அதிலும் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் எழுதி முடிகிறவரை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது. கடைசியில் லப்டொப்பின் அடிப்படை அமைப்புக்குள் போய்ப் பார்ப்போம் என்று போனபோதுதான் விசயம் பிடிபட்டது. உள்ளே விட முன்னம் அது பாஸ்வேர்ட் கேட்டது. வெளியாள் யாரும் பென்ட்ரைவைச் செருகித் தொடங்காதபடி அந்த நிறுவனம் வழியை அடைத்து, அடைத்த கதவையும் பூட்டிவிட்டிருக்கிறது. பூட்டோடேயே சாமான் கப்பலேறி வந்திருக்கிறது. புதுக்குடியிருப்பில் கணினி திருத்துகிற ஒருவரிடம் கேட்டாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, வன்தட்டை வெளியே எடுத்து, வேறு லப்டொப்பில் போட்டு ஏற்றிக் கொண்டுவந்து மாட்டலாம், ஆனால் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு கிழமையாவது வேண்டும் என்றார் அவர்.

அதிபர் பத்மாசனி மதியத்துக்குப் பிறகு வந்து வாசலில் நின்று பார்த்தார். மேடைக்குத் துணி கட்டுகிறவர்கள், நடனத்துக்கு ஒத்திகை பார்க்கிற பிள்ளைகள், கல்வி வலயத்திலிருந்து வருகிற அதிகாரிகளின் சாப்பாடு என்று அவருக்கு ஆயிரம் அலுவல். தேனுகா நிலைமையைச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. ரிபன் வெட்டுகிற நேரம் பிள்ளைகளை முன்னுக்கு இருத்தி லப்டொப்பைத் திறந்து வைத்தால் போதும், வருகிறவர்கள் திரையைக் குனிந்து பார்க்கப்போவதில்லை, பிறகு ஆறுதலாக, நேரமெடுத்துச் செய்யலாம் என்றார். தேனுகாவுக்கு அந்த ஆறுதல்தான் பயம். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் யாரோ தந்த நுணுக்குக்காட்டிகள் இப்படித்தான் பிறகு, பிறகு என்று துணியால் மூடிக் கிடக்கின்றன. தந்தவர் போய்விட்டால் அதற்குப் பிறகு யாரைப் போய்க் கேட்பது? திறப்புவிழாவுக்கென்று வந்திருந்த பரமேஸ்வரனுக்கு விழா முடிந்த மறுநாள் விமானம்.

அவர் அன்றைக்கு அங்கேதான் நின்றார். தமக்கை இராசேஸ்வரியின் வீட்டிலிருந்து வாடகை வானில் வந்திறங்கியவர் ஒரு இடத்தில் இருக்கவில்லை. மேடையடிக்குப் போவார், கிணற்றடிக்குப் போவார், தான் படித்த கட்டடம் இருந்த இடத்தில் இப்போது நிற்கிற புதுக் கட்டடத்தைச் சுற்றி வருவார், திரும்பக் கணினி அறைக்கு வருவார். அறுபதைத் தொடுகிற வயது. நல்ல உயரம். பளபளத்த சப்பாத்து. எல்லாரும் எழுந்து கதிரை கொடுத்தார்கள், அவர் எதிலும் நிறைய நேரம் இருக்கவில்லை. பூட்டு விசயம் பிடிபட்ட உடனேயே தேனுகா அவரிடம் பாஸ்வேர்டைக் கேட்டிருந்தாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அடுத்த முறை கேட்டபோது, அதெல்லாம் பாதுகாப்பு விசயம், வெளியில் சொல்லமாட்டார்கள் என்றார். மூன்றாம் முறை அவளுடைய தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்று, அதிபர் சொன்னதையே சொன்னார். திறந்து வைத்தால் போதுமே.

அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நிறுவனத்தின் பெரிய அதிகாரிக்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? அழைப்பிதழிலேயே அப்படித்தானே போட்டிருந்தது. சுவிஸ் கணினி நிறுவன உயர் அதிகாரி, பழைய மாணவர், பெருங்கொடையாளர். அதிகாரிக்கு விசைப்பலகையில் எது அழிக்கும் பொத்தான் என்றுகூடத் தெரியவில்லையே என்று காலையில் ஒரு யோசனை வந்து போனதுதான். பொத்தான்களில் ஜேர்மன் எழுத்து, அதுவும் பெரிய ஆட்களுக்கு இதெல்லாம் வேறு யாரோ செய்து கொடுப்பார்கள் என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். இப்போது மரியாதையை விடாமல், ஆனால் நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, நீங்கள் போயிட்டீங்கள் எண்டால் இது சும்மா பலகைதான். பிறகு எங்களுக்குக் கேக்க ஒருத்தரும் இல்லை. அங்க இப்ப காலமைதானே, ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ."

அவர் அவளைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே ஒத்திகைப் பிள்ளைகள் சலங்கை இல்லாமல் மணலில் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு இருந்து, போனை எடுத்து, ஒரு பெயரைத் தேடி அழுத்தினார்.

மறுமுனையில் யாரோ எடுத்ததும் பரமேஸ்வரன் எழுந்து நின்றார். தேனுகா அதைத்தான் முதலில் கண்டாள். இருந்த மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். குரல் மாறியது. காலையிலிருந்து எல்லாருடனும் தொண்டையைத் திறந்து கதைத்தவர், இப்போது குரலை மெலித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு சின்னச் சிரிப்பை வைத்துக் கதைத்தார். அவளுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மன்னிக்கவேண்டும் என்று சொல்கிற தொனி எந்தப் பாஷையிலும் விளங்கும். இடது கை தன்பாட்டில் சேட்டின் கீழ் ஓரத்தை இழுத்து நேராக்கியது. தலை ஆடியது, போனில் தெரியாது என்றாலும் ஆடியது. மறுமுனையில் இருந்தவர் கெட்டவராகத் தெரியவில்லை. பெரிதாகச் சிரித்தார், ஏதோ விசாரித்தார், காத்திருக்கச் சொன்னார் போலிருந்தது. காத்திருந்த நேரம் முழுக்கப் பரமேஸ்வரன் நின்றுகொண்டே இருந்தார். கதிரை பின்னாலேயே இருந்தது.

தேனுகா கண்ணை எடுத்துத் திரையில் வைத்தாள். இப்படி நிற்கிற ஒருவரை அவளுக்குத் தெரியும். பரந்தனில் அவளுடைய வீட்டில், அம்மா அழகம்மா, வேலைக்கு வரச்சொல்லி மேற்பார்வையாளரின் அழைப்பு வந்தால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் கதைப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் வாட்டுகளைக் கூட்டிக் கழுவுகிறவர். தேனுகா ஆசிரியர் அறையில் அதைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை என்பாள், அங்கேயே நிறுத்திக்கொள்வாள். கேட்டவர்கள் தாதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நன்றி என்று பலமுறை சொல்லிப் போனை வைத்தார் பரமேஸ்வரன். வந்த சொல்லை ஒரு காகிதத் துண்டில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். ஏதோ ஏரியின் பெயராம், பின்னால் ஒரு எண். தேனுகா பார்த்துப் பார்த்து அடித்தாள். பிழை என்றது. மறுபடி அடித்தாள். பிழை. இன்னும் ஒரு தரம் பிழையாக அடித்தால் லப்டொப் உறைந்துவிடும் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பரமேஸ்வரனின் முகத்தில் வியர்வை. பிழையாக எழுதிவிட்டேனோ, திருப்பிக் கேட்கவேணுமோ என்று அவர் கேட்ட விதத்தில், இன்னொரு முறை அந்த மனிதருக்குப் போன் எடுக்க இவரால் ஆகாது என்று அவளுக்கு விளங்கியது.

சொல்லின் முதல் எழுத்து இசட். அவள் விசைப்பலகையை உற்றுப் பார்த்தாள். ஜேர்மன் பலகையில் இசட் இருக்கவேண்டிய இடத்தில் வை இருந்தது, வை இருக்கவேண்டிய இடத்தில் இசட் இருந்தது. நிறுவனம் எல்லா லப்டொப்புக்கும் ஒரே இடத்திலிருந்து ஒரேயடியாகப் பாஸ்வேர்ட் போட்டிருக்கும். ஆனால் இயங்குதளம் எழும்ப முன்னம் இந்தப் பெட்டிக்கு ஜேர்மன் தெரியாது, ஆங்கிலப் பலகை என்றே நினைத்துக்கொண்டு இருக்கும். அவள் வை என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினாள். மிச்சத்தை அப்படியே அடித்தாள். பூட்டுத் திறந்தது. உள்ளே போய்ப் பென்ட்ரைவுக்கு அடைத்திருந்த வழியைத் திறந்து, சேமித்து, மறுபடி தொடங்கினாள். பட்டியல் வந்தது. மூன்றாவது வரியில் பென்ட்ரைவின் பெயர் இருந்தது. காலையிலிருந்து தேடிய அந்த ஒற்றை வரியைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

"இப்ப ஓடுமோ?" என்றார் அவர்.

"ஓம் ஐயா. இனி எல்லாம் ஓடும்."

அவர் இப்போதுதான் கதிரையில் இருந்தார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். தான் கதைத்த ஆள் அந்த நிறுவனக் கந்தோரில் கணினிகளைப் பார்க்கிறவர் என்றார். தான் பின்னேரங்களில் அந்தக் கந்தோரைத் துப்புரவு செய்கிறவராம். குப்பைக்குப் போக அடுக்கி வைத்திருந்த லப்டொப்புகளைக் கண்டு, வாய் திறந்து கேட்டதும் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு எழுதிய நாட்களில் கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை என்றுதான் சொன்னாராம். அது பொய்யில்லை. தமக்கையின் வாயில் அது கொஞ்சம் வளர்ந்தது, ஊர் வாயில் இன்னும் வளர்ந்தது, தங்கைமாரின் கலியாணங்களுக்கு அது உதவியும் செய்தது. பிறகு அதை வெட்டிக் குறுக்க வழி தெரியவில்லை. இதையெல்லாம் அவர் யாரோ தூரத்து உறவினரின் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

தேனுகாவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள்.

"எங்கட அம்மாவும் ஆஸ்பத்திரியில உந்த வேலைதான் ஐயா. அதில என்ன இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆறுதல் அடைந்த முகமாக அது இல்லை.

"அது வேற பிள்ளை. உங்கட அம்மாவை ஒருத்தரும் மேடையில ஏத்தேல்லையே."

அதுவரை ரீச்சர் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் முதல்முறையாகப் பிள்ளை என்றார். திரையில் அவள் தொடங்கிவிட்ட இயங்குதள ஏற்றம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் எழுந்து, அதிபர் நாளைக்கு வாசிக்கப்போவதை அவள் பார்த்தாளா என்று கேட்டார். அழைப்பிதழில் உள்ளதைத்தான் கொஞ்சம் நீட்டி வாசிப்பார் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வான் நின்ற இடத்துக்கு நடந்தார். பாதி வழியில் நின்றார், திரும்பி வருவார் போலிருந்தது, வரவில்லை.

பரந்தன் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் ஒழுங்காக இருக்க முடியவில்லை. தான் கேட்டிராவிட்டால் அவர் இப்படி எழுந்து நின்றிருக்கவேண்டியதில்லை. கேட்காமல் விட்டிருந்தால் பிள்ளைகளுக்கு லப்டொப் இல்லை. இரண்டையும் மாறி மாறி நிறுத்துப் பார்த்ததில் விசுவமடு போனதும் தெரியவில்லை, தருமபுரம் போனதும் தெரியவில்லை. அதிபரிடம் சொல்லி அந்த உயர் அதிகாரி வரியை எடுக்கச் சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்டால்? அவருடைய கதையை அவருக்குத் தெரியாமல் சொல்லத் தனக்கு என்ன உரிமை? வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "என்னா புள்ள, மொகம் வாடிக் கெடக்கு?" என்றார். வேலை கூடிப்போச்சு என்றாள். அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவருடைய விரலிடுக்குகளில் மருந்துத் தண்ணி வெளுப்பாக்கியிருந்த தோலைப் பார்த்தாள். அம்மாவைப் பற்றி இன்றைக்கு ஒருவரிடம் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். இரவல் வாங்கிய நாலைந்து பென்ட்ரைவுகளில் இரவே எழுதி வைத்திருந்ததால் ஒரே நேரத்தில் பலதிலும் ஏற்ற முடிந்தது. ஒன்றிலிருந்து பிடுங்கி அடுத்ததில் செருகுவதும், பூட்டைத் திறப்பதும், பட்டியலில் மூன்றாவது வரியைத் தெரிவுசெய்வதுமாக அறைக்குள் பம்பரமாகச் சுற்றினாள். மேளம் கேட்டது. விருந்தினரை வரவேற்கிற சத்தம் கேட்டது. மாலை போடுகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. கடைசி மூன்று லப்டொப்பில் ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தபடியால் அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. யன்னலடியில் நின்றால் மேடை பக்கவாட்டில் தெரிந்தது.

அதிபர் வாசித்தார். அழைப்பிதழில் இருந்ததைவிட நன்றாகவே நீட்டியிருந்தார். உயர் அதிகாரி என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் தேனுகா யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு பரமேஸ்வரனைப் பேச அழைத்தார்கள். அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அதிகாரி இல்லை," என்றார். "அந்தக் கந்தோரைக் கூட்டித் துடைக்கிற ஆள். அவையள் எறியப் போனதைத்தான் கேட்டு வாங்கி அனுப்பினனான்."

கூட்டம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் இராசேஸ்வரி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி குனிந்துகொண்டார். அந்த அமைதி எந்தப் பக்கம் சரியப்போகிறது என்று தேனுகாவுக்குத் தெரியவில்லை. அப்போது யாரோ கைதட்டினார்கள். அது பரவியது. வலயத்து அதிகாரி தட்டினார், பெற்றோர் தட்டினார்கள், பிள்ளைகள் காரணம் தெரியாமலே பலமாகத் தட்டினார்கள். அதிபர் எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினார். அவருடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் தன்னை ஒரு தொழிலாளி என்று சொல்லிக்கொள்கிற இந்தத் தன்னடக்கத்தைத்தான் மாணவர்களே, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்," என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. பரமேஸ்வரன் வாயைத் திறந்தார். ஒலிவாங்கி அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நடனப் பிள்ளைகளுக்கான பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

ரிபன் வெட்டினபோது எல்லா லப்டொப்பும் ஓடின. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச்சொல்லியிருந்தும், மைதானத்து மணல் பாதங்களில் ஒட்டியபடி பிள்ளைகள் முண்டியடித்து உள்ளே புகுந்தார்கள். ரீச்சர், இது எனக்கா, ரீச்சர், இதைத் தொடலாமா என்று ஒரே இரைச்சல். தேனுகாவின் பெயரைச் சொல்லி அதிபர் அதிகாரிகளுக்கு ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. பரமேஸ்வரனைத் தேடினாள். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வாசலுக்கு உள்ளே, சுவரை ஒட்டி நின்றார். அவரைப் படமெடுக்க ஒருவர் போனை நீட்டிக்கொண்டிருந்தார். திரைகளை நோக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்த்தது புது வெள்ளைத் தரையை. வாசலிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் பிள்ளைகளின் பாதங்கள் மண்ணிறத்தில் ஒரு பாதை போட்டுக்கொண்டு போயிருந்தன. இன்னொரு கூட்டம் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவர் சுவரோடு ஒட்டி விலகி அவர்களுக்கு வழி விட்டார். பிறகு தன் காலுறைக்குக் கீழே நெறுநெறுத்த மணலின் மேல், காலை எடுக்கவும் இல்லை, ஊன்றவும் இல்லை என்பது போல அப்படியே நின்றார்.